ஹாரன் வாங்கிய தீர்ப்பு நகல்

தையல் மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தடதடக்கும் கூடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால் உடை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தபோதே அவளுக்கு ஹாரன் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆலையை விட்டு, கல்யாணமாகி, தண்ணீர் கேன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, கையில் நிஜ ஹாரனே வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கட்டிக்கொண்ட பெயிண்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். "ஹாரன், கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுப் பேசு, பக்கத்து வீட்டுக்காரங்க பதில் சொல்லிடப் போறாங்க" என்பார்.

கேன் வண்டியில் இடுப்பு ஒடிந்தது. கனரக வாகன உரிமம் எடுத்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட ஆள் கேட்டார்கள். போனாள். அந்தப் பள்ளியின் பின்வாசல் ரொம்பக் குறுகல். தூண் இரண்டும் பழைய ஓட்டுநர்கள் உரசி உரசிச் செங்கல் தெரிய நின்றன. ஹாரன் பஸ்ஸைப் பின்னால் எடுத்து, ஒரே வளைவில், தூணில் ஒட்டியிருந்த சிலந்தி வலைகூட அறுந்துவிடாமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். போக்குவரத்து மேலாளர் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வேலை உங்களுக்குத்தான்மா. போலீஸ் சரிபார்ப்பு ஒண்ணுதான் பாக்கி. அது சும்மா சடங்கு" என்றார்.

சடங்கு அவள் காலை வாரிவிட்டது.

"உங்க மேல ஒரு கேஸ் நிலுவையில இருக்குன்னு வந்திருக்கு" என்றார் மேலாளர், அடுத்த முறை கூப்பிட்டபோது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். அந்த மரியாதையை அவள் மறக்கவில்லை. "சட்டவிரோதமா கூடினது, வழி மறிச்சதுன்னு போட்டிருக்கு."

அவளுக்கு முகம் சிவந்தது. என்ன கேஸ் என்று புரிந்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆலையில் அப்போது சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழிப்பறையைப் பூட்டி வைப்பார்கள். போனால் உற்பத்தி குறையுமாம். ஒருநாள், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பக்கத்து மிஷின்காரி, மாசமாக இருந்தவள், மேற்பார்வையாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டும் சாவி கிடைக்காமல், மிஷின் முன்னாலேயே நனைந்துபோய் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த ஹாரன், "மிஷினை நிறுத்துங்கடி எல்லாரும்!" என்று போட்ட சத்தத்தில் கூடமே அடங்கிவிட்டது. அத்தனை பேரும் எழுந்து வெளியே போய் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. அந்த வாரமே பூட்டு திறந்தது, ஆனால் வழக்கு இழுத்தது. கடைசியில் ஒரு காலை நீதிபதி "விடுதலை" என்று சொன்னது காதில் விழுந்ததும், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினார்கள். தீர்ப்புக்கு ஒரு நகல் வாங்கி வைக்கவேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"எனக்கு உங்க வாய்ச்சொல் போதும். பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்குக் காகிதம் காட்டணுமே" என்றார் மேலாளர். "ஸ்கூல் திறக்கிற வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்."

ஹாரன் நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்து, "ஆமா, நிலுவைன்னுதான் காட்டுது" என்றார்.

"சார், அது தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அப்ப தீர்ப்பு நகலைக் கொண்டாங்க, மாத்திடலாம்."

"கோர்ட்டுல போய்க் கேட்டா கேஸ் நம்பர் கேப்பாங்களே?"

"அது எங்ககிட்ட இல்லம்மா."

வாசல்வரை வந்தவள் திரும்பினாள். "சார், நிலுவைன்னு ஸ்கூலுக்கு எழுதி அனுப்பினீங்களே, எதைப் பார்த்து எழுதினீங்க? அந்த இடத்துல ஒரு நம்பராவது இருக்குமே?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். அவளுடைய சாதாரணம் மாடியிலிருந்த இன்ஸ்பெக்டர் அறைவரை எட்டியது. மேலே ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், எழுத்தர் முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் வருஷத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் மளமளவென்று எழுதி நீட்டினார்.

நீதிமன்றத்தில் நகல் பிரிவு, படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சீட்டைப் பார்த்துவிட்டு, "இது போலீஸ் நம்பர். கோர்ட்டுக்கு வந்ததும் வேற நம்பர் விழும். உங்க பேரை வச்சுத்தான் தேடணும்" என்றார். தன் பெயரையும் கணவர் பெயரையும் சொன்னாள். அவர் அந்த வருஷத்துப் பதிவேட்டை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "இப்படி ஒரு ஆளே இல்லம்மா."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். பெயிண்டர் எதிரே வந்து நின்றார். "போலீஸ்ல நீ பெரிய ரவுடி. கோர்ட்டுல நீ பொறக்கவே இல்ல. உன்னைக் கட்டிக்கிட்ட நான் யாருன்னு யாரைப் போய்க் கேக்கறது?" என்றார். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. போனை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டுப் புலம்பித் தீர்த்தாள்.

நெட்டை முழுவதும் கேட்டுவிட்டு, "ஏண்டி, எந்தப் பேர்ல தேடச் சொன்னே?" என்றாள்.

"என் பேரு, இவர் பேரு."

"அறிவு கெட்டவளே, ரோட்டுல உட்கார்ந்தப்ப நீ அவரைப் பார்த்ததே இல்லையே! அப்ப உங்க அப்பா பேரைத்தானே கொடுத்திருப்பே?"

ஹாரன் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாக நின்று அப்பா பெயரைச் சொன்னாள். குமாஸ்தாவின் விரல் பாதிப் பக்கத்தில் நின்றது. "இருக்கும்மா, இருக்கு!" என்றார், தன் சொந்தப் பொருள் கிடைத்த மாதிரி. வழக்கு எண்ணை எழுதிக் கொடுத்து, வழக்குக் காகிதக் கட்டு இப்போது பின்கட்டடத்துப் பதிவறையில் இருக்கிறது என்றும் சொன்னார். "மனுவுல வெறும் நகல்னு எழுதாதீங்க. சான்றிட்ட தீர்ப்பு நகல்னு எழுதுங்க. முத்திரை இல்லாத காகிதத்தை ஸ்டேஷன்ல தொடக்கூட மாட்டாங்க."

பதிவறையில் கூரைவரை துணிமூட்டைகள். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தூசிக்குப் பயந்து மூக்கைச் சுற்றி முந்தானையைக் கட்டியிருந்தார். பேசும்போது கண்கள் மட்டும்தான் தெரியும். "போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்றார், கண்களை நிமிர்த்தாமல். அடுத்த வாரம் போனாள். "கிடைக்கல. பழைய கட்டு, பூச்சி அரிச்சிருக்கும்."

ஹாரன் கோபப்படவில்லை. "அப்படின்னா பூச்சி அரிச்சிடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க மேடம். அதைக் கொண்டுபோய் ஜட்ஜையா கிட்ட காட்டிக்கிறேன்."

அந்த அம்மா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏணியை இழுத்துச் சுவரில் சாய்த்தார்.

"தீர்ப்பு எப்ப சொன்னாங்க? கேஸ் போட்ட வருஷமேவா?"

"இல்ல மேடம், ரொம்ப இழுத்தாங்க. நெட்டையோட குழந்தை அப்ப நடந்துக்கிட்டிருந்துச்சு."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா? இங்க முடிஞ்ச வருஷத்தை வச்சுத்தான் கட்டுவோம். நான் ஆரம்பிச்ச வருஷத்துல தேடிக்கிட்டிருக்கேன்!"

ஏணியை வேறு சுவருக்கு நகர்த்தினார். இரண்டு தும்மல் கேட்டது. பிறகு ஒரு மூட்டை மேசைமேல் தொப்பென்று விழுந்தது. முடிச்சை அவிழ்த்துப் பழுப்பேறிய தாள்களைப் புரட்டி, "இதான், பாருங்க" என்று தள்ளினார்.

ஹாரன் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டிப் படிக்கையில் வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம். "இயற்கை உபாதைக்கு அனுமதி கேட்பது எந்தச் சட்டத்தின்படியும் குற்றம் ஆகாது. சாலையில் அமர்ந்த இப்பெண்கள் எவரையும் தாக்கியதாகவோ, மிரட்டியதாகவோ சாட்சியம் இல்லை. பூட்டியவர்களை விட்டுவிட்டுத் திறக்கச் சொன்னவர்களைக் கூண்டில் நிறுத்தியிருப்பதை இந்த நீதிமன்றம் வருத்தத்துடன் குறிப்பிடுகிறது..."

அன்று அந்தக் கூண்டில் நின்றபோது இதில் ஒரு வார்த்தைகூட அவர்கள் காதில் விழவில்லை. நமக்குப் போனால் போகிறது என்று விடுதலை கொடுத்தார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். நீதிபதி ஆலையைத்தான் கண்டித்திருக்கிறார்! குரல் தானாக ஏறியது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வக்கீல் கறுப்பு அங்கியைக் கையில் மடித்துப் பிடித்தபடி வாசலில் நின்றுவிட்டார்.

"இங்க சத்தம் போடக் கூடாதும்மா" என்று ஆரம்பித்த பதிவறை அம்மா, முந்தானையை மூக்கிலிருந்து இறக்கினார். "சரி, அந்தப் பூட்டு வரியை இன்னொரு தடவை படிங்க."

இன்னொரு தடவை படித்தாள். வராந்தாவில் யாரோ கைதட்டினார்கள்.

தீர்ப்பின் முதல் பக்கத்தில் அத்தனை பேரின் பெயரும் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஹாரனுக்கு உறைத்தது. தன் பெயருக்கு நேரே நிலுவை என்றிருந்தால், இவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானே இருக்கும்? வெளியே வந்து நெட்டைக்குப் போன் போட்டாள்.

நெட்டைக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. "எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சு, பாஸ்போர்ட் வராம போச்சே, நினைவிருக்கா? ஏன்னு யாரும் சொல்லல. என் நேரம்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு குரல் மாறியது. "ஆளுக்கொரு நகல் வாங்குடி. எல்லாரையும் நான் கூட்டிக்கிட்டு வரேன்."

சான்றிட்ட நகல்கள் முத்திரையோடு கைக்கு வந்த மறுநாள், அத்தனை பேரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். தலை நரைத்தவர்களும், மருமகளைத் துணைக்கு அழைத்து வந்தவர்களும் இருந்தார்கள். வாசலில் கூட்டத்தைப் பார்த்த எழுத்தர் பதறி எழுந்தார். "என்னம்மா, மறுபடியும் மறியலா?"

"இல்ல சார், மனு" என்றாள் ஹாரன்.

இன்ஸ்பெக்டரே இறங்கி வந்தார். வயதில் சின்னவர், அந்த வழக்கு நடந்தபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். நின்றபடியே தீர்ப்பைக் கடைசிவரை படித்தார். அப்புறம் எழுத்தர் பக்கம் திரும்பி, "முடிவு வந்தும் கணினில யாரும் ஏத்தவே இல்லை. இப்பவே, எல்லார் பேருக்கும்" என்றார். பெண்கள் பக்கம் திரும்பி, "நாற்காலி பத்தாது. மன்னிச்சுக்குங்க" என்றார்.

"நாங்க ரோட்டுலயே உட்கார்ந்தவங்க சார்" என்று நெட்டை சொன்னதும், இன்ஸ்பெக்டர் உட்படச் சிரிக்காதவர் யாரும் இல்லை.

ஆனாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்புகை வாங்காமல் ஹாரன் யாரையும் நகரவிடவில்லை. ஒரு தடவை காகிதம் வாங்காமல் ஓடியதே போதும்.

புதுச் சரிபார்ப்பு பள்ளிக்கு வந்தது: வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை. மேலாளர் இந்த முறை கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் படித்தார். நெட்டை மறுபடி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். வெளிநாட்டு வேலைக்கு வயது தாண்டிவிட்டது. அங்கே இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறாளாம். அன்று கும்பிட்டு நின்றபோது வயிற்றில் இருந்தவள்தான் அந்த மகள்.

பள்ளி திறந்த அன்று காலை பெயிண்டர் தெருமுனைவரை கூடவே வந்து, பஸ் புறப்படும்வரை நின்று பார்த்தார். முதல் நிறுத்தத்தில் ஒரு இளம் தாய், அழுகிற பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே ஓட்டுநர் இருக்கையை எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் டிரைவரா அக்கா?"

"ஆமா கண்ணு. பையனை இப்படி முன் சீட்டுல உட்கார வை, எனக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டும்."

பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அவ்வளவு பெரிய குரலை அவன் கேட்டதே இல்லை. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது.