உப்பில் போன சுரைக்கொடி

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாளானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில், எங்கள் குடிசைக்குப் பின்னால் எனக்கு ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் என்றால் நாலு கத்தரிச் செடி, ஒரு வரிசை வெண்டை, வேலியில் அவரை, கிழிந்த வலையைக் கம்புகளில் இழுத்துக் கட்டிய பந்தலில் ஒரு சுரைக்கொடி. அந்த மணலில் எதுவும் தானாக வந்துவிடாது. குழி தோண்டி, ஊற்று ஊறும்வரை உட்கார்ந்திருந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு, தினமும் நாலு குடம் நல்ல தண்ணீர் சுமந்தேன். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி, குடலையும் தலையையும் வேர்ப் பக்கம் புதைப்பேன். பச்சை மீனுடையது மட்டும்தான். உப்புப் பட்ட எதையும் செடியின் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் வேலை மீனைப் பிடிப்பதோடு சரி.

புரட்டாசி வந்தால் நெல் விளைகிற ஊர்களில் பாதிப் பேர் மீனைத் தொட மாட்டார்கள். மற்ற மாதங்களில் அங்கே மீன் விற்கக் கொண்டுபோகும் அதே கூடையில் அந்த மாதம் காய் கொண்டுபோவேன். புளியும் சாம்பலும் போட்டுக் கூடையை எவ்வளவு தேய்த்தாலும் அங்கே உள்ள பெண்கள் சுரைக்காயை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வாங்கவும் செய்வார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை தலைக்கு மேல் இருக்கும். முற்றிப்போன வெண்டையைப் பிடுங்க வேண்டும், கத்தரியில் பட்ட கிளைகளை ஒடிக்க வேண்டும், வேருக்கு மண் அணைக்க வேண்டும், காற்றுக்குத் தாங்கும்படி பந்தலை இறுக்க வேண்டும். சுரைக்காய்களை எல்லாம் பறித்துவிட்டு, ஒன்றின் காம்பில் மட்டும் கந்தல் துணி கட்டி விட்டிருந்தேன். அது விதைக்காய். கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்த விதையின் வம்சம். பிறகு வந்த புயலில் அம்மா வீட்டுத் தோட்டத்தில் கடல் தண்ணீர் ஏறிவிட்டது. என்னிடம் மிச்சமிருந்த விதைகளையும் ஆடியில் ஊன்றிவிட்டேன், அதில் இந்த ஒரு கொடிதான் முளைத்தது. விதைக்காய் முற்ற இன்னும் பதினைந்து நாள் வேண்டியிருந்தது.

அந்த வாரம் விற்காத மீனுக்கு உப்புப் போட்டுப் பானையில் வைத்தேன். இரண்டு நாள் தூறல் விடவில்லை. காயவைக்க முடியாமல் புழு வைத்துவிட்டது. ஏரிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நான் காய் விற்கப் போனேன். திரும்பி வந்தபோது பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. பரவாயில்லையே, சொன்ன வேலையைச் செய்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் சுரை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. வேர்ப் பக்கம் மண் புதிதாகக் கிளறியிருந்ததைப் பார்த்ததும் புரிந்துபோயிற்று. கையாலேயே தோண்டினேன். மீன் முழுசு முழுசாக வந்தது. உப்புத் தண்ணீரையும் அங்கேயேதான் ஊற்றியிருக்கிறார். ஏரிக் கரைவரை நடக்கச் சோம்பல்.

"நீதான் தெனம் மீன பொதைக்கிறியே. ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு மொத்தமா பொதைச்சேன்" என்றார்.

ஒத்தாசை. அன்றைக்கு இருபது குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அவர் வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கொடிக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். நண்டு வலையைக் கிழித்த அன்று இரண்டு வேளை சோறு தின்னாத மனுஷன் இவர்.

கொடி பிழைக்கவில்லை. விதைக்காய் பந்தலிலேயே சூம்பிப்போனது. அறுத்துப் பார்த்தேன். உள்ளே விதைகள் வெள்ளையாக, நகம் பட்டால் நசுங்குகிற மாதிரி இருந்தன. இருந்தாலும் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மறு ஆடியில் ஊன்றினேன். இருபது நாள் வெறும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எறாவும் சுரைக்காயும் போட்ட குழம்பென்றால் அவருக்கு உயிர். தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா, இந்த வருசம் சொரக்காயே காணோம்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"உப்புல கெடக்குது. தோண்டி எடுத்தாரட்டா?" என்றேன்.

அவர் பிசைந்துகொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டு, நான் எதைச் சொல்கிறேன் என்றே தெரியாமல் என்னைப் பார்த்தார்.