கிலோவுக்கு நூறு கிராம் கழிவு

நிலக்கோட்டையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் களத்துப்பட்டி. சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். ஊருக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்பு வரை. மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். தலைமையாசிரியை போன மே மாதம் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஆனந்தமேரி ஒருத்திதான் ஐந்து வகுப்புக்கும் டீச்சர். மணியடிப்பதும் அவள்தான், சத்துணவு முட்டையை எண்ணி வாங்குவதும் அவள்தான்.

அவளுக்கு முப்பத்திமூன்று வயது. பிறந்தது திண்டுக்கல் டவுனில். அப்பா அந்தோணிமுத்து தையல்காரர். பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி, மறுதேர்வு எழுதித்தான் தேறினாள். அவளுக்குக் கணக்கு வராது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அது இல்லை. அவளுக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார். பரீட்சையில் எண்ணை மாற்றிக் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சி முடித்து இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாளே ஒரு முடிவு செய்திருந்தாள். தன்னிடம் படிக்கிற பிள்ளை எதையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆறு வருஷமாக அப்படித்தான் நடத்தினாள். வெப்பம் என்றால் என்ன என்று புத்தகத்தைப் பிரித்து வாசிக்க மாட்டாள். இரண்டு பொட்டலம் மொட்டு எடுப்பாள். ஒன்றை ஐஸ் போட்ட தெர்மாகோல் டப்பாவில் வைப்பாள், இன்னொன்றை ஜன்னல் வெயிலில் வைப்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்துப் பார்த்தால் வெயிலில் இருந்தது வாய் பிளந்து கிடக்கும். பிள்ளைகளே சொல்லிவிடும்: "சூடுபட்டா சீக்கிரம் மலந்துரும் டீச்சர். அதுக்குத்தான் எங்கப்பா கோணிய நனைச்சு மூடுறாரு."

இந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர். அவர்களுக்கு எடை என்ற பாடம் ஏறவே இல்லை. கிராம் என்றும் கிலோகிராம் என்றும் கரும்பலகையில் எழுதினால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் பூ வாங்கிச் சேர்த்து வேனில் மார்க்கெட்டுக்கு அனுப்புகிற சுருளிவேலிடம் பழைய முள் தராசு ஒன்று சும்மா கிடந்தது. வட்ட முகத்தில் முள் சுற்றுகிற தராசு. அதைக் கேட்டு வாங்கி வந்து, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். அன்று காலை பறித்த பூவை அதில் கொட்டினாள். முள் சரியாக ஒரு கிலோவில் நின்றது.

"எம்புட்டு இருக்கு?"

புவனேஸ்வரி கையைத் தூக்கியபடியே எழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல வராது.

"தொள்ளாயிரம் கிராம் டீச்சர்!"

"ஏத்தா, நல்லாப் பாரு. முள்ளு எங்க நிக்குது?"

"முள்ளு ஒரு கிலோவுலதான் நிக்குது. அதுல ஈரக் கழிவு போகும்ல? கிலோவுக்கு நூறு கிராம். சுருளிவேல் மாமா நோட்டுல தொள்ளாயிரம்னுதான் எழுதுவாரு."

பனியில் பறித்த பூவில் தண்ணீர் இருக்கும். அதற்காக எடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். ஏழரை வயதுப் பிள்ளை ஆயிரத்தில் நூறு போனால் எவ்வளவு என்று மூச்சு விடாமல் சொல்கிறது. அப்படியானால் இரண்டு கிலோவுக்கு என்று ஆனந்தமேரி கேட்டாள். "ஆயிரத்தி எண்ணூறு!" எட்டுப் பேரும் கத்தினார்கள். மூன்று கிலோவுக்கு? "ரெண்டாயிரத்தி எழுநூறு!" கழித்தலும் பெருக்கலும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவள் ரோஸ்மேரிக்குப் போன் போட்டுச் சொன்னாள். ரோஸ்மேரி அவளுடன் பயிற்சியில் படித்தவள். "எம் பிள்ளைகள நீ பாக்கணும்டி. பறக்குதுக!"

ஒரு நாள் தப்ரேஸ் என்ற பையன் சாக்பீஸ் பெட்டியைத் தராசில் வைத்தான். அதற்கும் கழிவு கழித்தே சொன்னான். "சாக்பீஸுல ஏதுலே ஈரம்?" என்று ஆனந்தமேரி சிரித்தாள். வகுப்பே சிரித்தது. அதோடு விட்டுவிட்டாள். அதே நேரம் ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அவள் ஓட வேண்டியிருந்தது.

தீபாவளி முடிந்து தாளாளரிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளியை நடத்துகிற நிர்வாகத்துக்கு இது போல ஒன்பது சின்னப் பள்ளிக்கூடங்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு வைப்பார்களாம். பத்துக் கேள்வியில் ஏழு சரியாகச் சொன்னால் தேர்ச்சி. வகுப்பில் பாதிப் பேராவது தேறவில்லை என்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளை நிலக்கோட்டைப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.

ஆறு கிலோமீட்டர்தானே என்று கேட்கத் தோன்றும். களத்துப்பட்டியில் பிள்ளைகள் விடியலில் அம்மா அப்பாவோடு பூப்பறிக்கப் போகிறார்கள். முடித்துக் குளித்து வர எட்டரை ஆகும். பஸ் ஏழேகாலுக்கு. அதை விட்டால் பத்தரைக்குத்தான். இங்கே பள்ளி இருப்பதால் ஓட்டமாக ஓடி வந்து ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். இது மூடினால் பூவா, பள்ளிக்கூடமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி வரும். அதற்கு என்ன பதில் வரும் என்று ஆனந்தமேரிக்குத் தெரியும். புவனேஸ்வரியின் அக்கா எட்டாவதோடு நின்றதும் அப்படி ஒரு பஸ்ஸால்தான்.

ஆனாலும் அவள் பயப்படவில்லை. கணக்கில்தானே தேர்வு? அவள் பிள்ளைகள்தான் பறக்கிறார்களே.

தேர்வன்று நிர்வாக அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கண்ணன் சார் வயதானவர், அதிகம் பேசாதவர். டெய்சி இருபத்தைந்து வயதுப் பெண், கையில் டேப்லெட். தேர்வு நடக்கும்போது பிள்ளைகளிடம் பேச மாட்டேன் என்று ஆனந்தமேரியிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சின்ன அறையில் ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அழைத்தார்கள். டெய்சி கேள்வியை வாசிப்பாள், படத்தைக் காட்டுவாள், பிள்ளை விடையை வாய்விட்டுச் சொல்லி எண்ணை அமுக்க வேண்டும். மற்றவர்கள் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் காத்திருந்தார்கள்.

மற்ற வகுப்புகளை அடக்கி உட்கார வைத்துவிட்டு ஆனந்தமேரி வெளியே வந்தபோது நான்கு பேர் முடித்திருந்தார்கள். புவனேஸ்வரியும் அதில் ஒருத்தி. ஓடி வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஈஸி டீச்சர்! பூரா தராசு படந்தான்."

"அப்பிடியா தாயி! என்ன கேட்டாங்க?"

"தராசுல ரெண்டு கிலோ தக்காளி இருந்துச்சு. எடை எவ்வளவுன்னு கேட்டாங்க. நான் ஆயிரத்தி எண்ணூறுன்னு அமுக்குனேன்."

"தக்காளிக்கா?"

"கழிவு போகும்ல டீச்சர்?"

அவள் மற்ற மூவரையும் பார்த்தாள். நீங்களும் அப்படித்தானா என்று கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். இப்படி எத்தனை கேள்வி? நான்கு. பத்தில் நான்கு போனால் ஆறு. ஏழு வேண்டும். நான்கு பிள்ளைகளும் போயாயிற்று.

இன்னும் நான்கு பேர் பெஞ்சில் இருந்தார்கள். எட்டில் பாதி நான்கு. நான்கு பேரும் தேறினால் பள்ளி நிற்கும். ஒருவர் தவறினாலும் போச்சு.

கையெழுத்துப் போட்ட தாள் அவள் நினைவுக்கு வந்தது. உள்ளே டெய்சி அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்குள் செத்த நேரம்தான் இருந்தது. இதுவரை ஒரு பிள்ளைக்கும் அவள் விடையைச் சொல்லிக் கொடுத்ததில்லை. பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"அப்பு, நல்லாக் கேட்டுக்கங்க. உள்ள போயி எதையும் கழிக்காதீங்க. என்ன இருக்கோ அத அப்பிடியே சொல்லணும். கழிக்கவே கூடாது. சரியா?"

நான்கு பேரும் விழித்தார்கள். அவர்களில் தமிழ்மதி என்ற பிள்ளை கேட்டாள்: "அப்ப நாங்க படிச்சது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல கண்ணு. இன்னைக்கு மட்டும்."

"இன்னைக்கு மட்டும் எடை மாறுமா?"

பதில் சொல்வதற்குள் டெய்சியின் குரல் வந்தது. தமிழ்மதி எழுந்து உள்ளே போனாள்.

ஆனந்தமேரி அறையின் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். தராசுக் கேள்விகள் நான்குக்கும் தமிழ்மதி முள் காட்டியதையே சொன்னாள். அந்தோணியாரே என்று ஆனந்தமேரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த கேள்வியை டெய்சி வாசித்தாள். ஒரு கடைக்காரரிடம் ஐந்து கிலோ வெங்காயம் இருந்தது, ஒரு கிலோ அழுகிவிட்டது, மீதி எவ்வளவு? தமிழ்மதி சொன்னாள்: "அஞ்சு கிலோ."

இன்னும் எத்தனை கழித்தல் கேள்வி இருக்கிறதோ, ஜன்னலைத் தட்டலாமா என்று ஆனந்தமேரிக்கு இருந்தது. தட்டவில்லை. வாய்க்குள் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அடுத்தடுத்துப் போன இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். கடைசியாகப் போனவன் தப்ரேஸ்.

"அஞ்சு கிலோ."

டெய்சிக்கே பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, அழுகினத எடுத்துப் போட வேணாமா?"

"எடுத்துப் போடணும். ஆனா கழிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணன் சார் வாசலுக்கு வந்து நின்று அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தராசை, ஈரக் கழிவை, சாக்பீஸ் பெட்டியை, பெஞ்சை. முள் காட்டுவது ஒன்று, கழித்து எழுதுவது வேறு என்று தான் சொல்லித்தராமல் விட்டதைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "அதுகளுக்குக் கணக்குத் தெரியும் சார். நீங்களே கேட்டுப் பாருங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

டெய்சி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பதிவானத மாத்த முடியாதுக்கா. மொதல்லயே வந்து சொல்லியிருந்தீங்கன்னா தாளாளர்கிட்ட போன்ல கேட்டிருக்கலாம்."

கண்ணன் சார் அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தார். "டீச்சர் சொல்லிக் குடுத்தாங்கன்னு அந்தப் பையன் எங்க ரெண்டு பேரு முன்னாடியும் சொல்லிட்டான். எழுதாம இருக்க முடியாதும்மா. எழுதுனா எட்டுப் பேரோட மார்க்கும் செல்லாது."

"அப்ப மறுபடி வைங்க சார்."

"கேட்டுப் பாக்கலாம். நீங்க இருந்தா தாளாளர் ஆபீசுல கேக்க மாட்டாங்க. சொல்லிக் குடுத்த டீச்சரே இருக்கையில மறுபடி எப்படி நம்புவாங்க?" அவர் குரல் கடுமையாக இல்லை. "நீங்க விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா, புது டீச்சரப் போட்டு ஒரு மாசம் கழிச்சு வைக்கச் சொல்லி நானே பேசுறேன். உறுதி சொல்ல மாட்டேன்."

அவள் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். வேலையை விட்டு விலகுகிறேன், பிள்ளைகள் மேல் குற்றமில்லை, மறுதேர்வு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான்கு வரி. கண்ணன் சார் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் வந்த கார் கிளம்பியபோது மணி மூன்று பத்து.

பள்ளி விட இன்னும் ஐம்பது நிமிஷம். நாளைக்கு அவள் இல்லை. புதிதாக வருகிறவளுக்கு இந்தக் கழிவு வழக்கம் தெரியுமோ தெரியாதோ. இந்த ஐம்பது நிமிஷத்தில் இதைச் சரி செய்தாக வேண்டும். எட்டுப் பேரையும் தராசைச் சுற்றி நிறுத்தினாள். கையில் அகப்பட்ட நோட்டுக் கட்டைத் தூக்கி அதில் வைத்தாள். முள் ஒரு கிலோவைத் தாண்டி நின்றது.

"இப்பப் பாருங்க. முள்ளு எங்க நிக்குது?"

ஒருவரும் தராசைப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்ரேஸ், நீ சொல்லுலே."

அவன் பக்கத்திலிருந்தவன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். "நாஞ் சொன்னதாலதான அவுக கோவிச்சுக்கிட்டாங்க."

"அதெல்லாம் இல்லப்பு. பாத்துச் சொல்லு. தப்பாச் சொன்னாலும் பரவாயில்ல."

"கழிச்சா, கழிக்காமயா?" என்றாள் தமிழ்மதி.

"முதல்ல முள்ளு காட்டுறத மட்டும் பாரு. அதுதான் எடை. கழிக்கிறதா இருந்தா அதுக்கப்புறம் யோசிப்போம். கழிக்கணுமா வேணாமான்னு கேள்வியே சொல்லும்."

"கேள்வி சொல்லாட்டி?"

மறுபடி விளக்கினாள். பூவை வைத்து, கல்லை வைத்து, தன் செருப்பைக்கூடக் கழற்றி வைத்து விளக்கினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அவள் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு ஒரு எண்ணை மெதுவாகச் சொன்னார்கள். அவள் புருவம் அசைந்தால் உடனே வேறு எண்ணுக்கு மாறினார்கள்.

புவனேஸ்வரி கை தூக்கவே இல்லை. அவளை அருகில் இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமேரி கேட்டாள்: "நீயாச்சும் சொல்லு தாயி. ஒனக்குத் தெரியும்."

அவள் தலை குனிந்தபடி சொன்னாள்: "நீங்களே சொல்லிருங்க டீச்சர். மனப்பாடம் பண்ணிக்கிறோம். அடுத்த தடவ அப்பிடியே சொல்லிர்றோம். பள்ளிக்கூடத்த மூட மாட்டாங்கள்ல?"

ஆனந்தமேரி திரும்பிக்கொண்டாள், பிள்ளைகள் தன் முகத்தைப் பார்க்க முடியாதபடி. சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை கேட்டாள், முள் எங்கே நிற்கிறது என்று. முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேரும் அமைதியாக இருந்தார்கள். பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு மணிக்காகக் கத்த ஆரம்பித்திருந்தன. மணி நாலு ஆகிவிட்டது. மணியடிக்க அவளை விட்டால் ஆள் இல்லை. அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.