ஐந்து நிமிடம் முந்திய கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை துணிகளை இஸ்திரி போடுவது சிக்னல்காரர்தான். தொழிற்சாலையில் அவருக்கு அதுதான் பெயர். மாடியில் அவர் குடும்பம், கீழே அக்கா குடும்பம். இரண்டு வீட்டுத் துணியும் ஒரே மேஜைக்கு வரும். அத்தானின் நீலச் சீருடையைத்தான் எப்போதும் முதலில் எடுப்பார். இன்று அதைத் தொடவில்லை.

இருபத்திரண்டு வருட வேலையில் பாதி கேபிள் இழுத்தே போனது. பிறகு எல்லாம் வயர்லெஸ். ஒரே நெட்வொர்க்கை மென்பொருளால் தனித்தனித் தடங்களாக்கி, கிரேனுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். ஒன்றின் நெரிசல் இன்னொன்றைத் தொடாது. எந்தக் கட்டளை எத்தனை மணிக்குப் போனது என்பது பிளாக்செயின் பதிவேட்டில் ஏறும். தொழிற்சாலை, கிரேன் கம்பெனி, இன்ஷூரன்ஸ்காரர்கள் என்று மூன்று இடத்தில் அதன் பிரதி. ஏறியதை யாரும் மாற்ற முடியாது. கடவுளே வந்து கெஞ்சினாலும் ஒரு புள்ளி நகராது என்று வீட்டில் பெருமையடித்தவர் அவர்தான்.

கம்பெனி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார். ரிடையர்மென்ட்கூட இவனுக்கு ஐந்து நிமிடம் முன்னாடியே வரும் என்பாள் அக்கா. போன மாதம் ஒரு காலை, அத்தான் ஓட்டும் கிரேனின் கட்டளைகளுக்கு மணி குறிக்கும் சிக்னல் பெட்டிக்கு பேட்டரி மாற்றினார். நெட்வொர்க்கிலிருந்து தானாக வரவேண்டிய நேரம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கையால் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினார்.

அன்றே கிரேனில் தொங்கிய இரும்புச் சுமை ஆடிப்போய்ப் புது இயந்திரத்தை இடித்தது. அத்தான் முன்பே நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருந்தார். இடித்த நேரத்தை அந்த இயந்திரமே சரியாகக் குறித்திருந்தது; பெட்டியின் முந்திய மணியை ஏற்ற பதிவேடோ, அதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் கழித்து அழுத்தினார் என்றது. மறுநாள், விசாரணை வருமென்று தோன்றாமலே, பெட்டியின் நேரத்தைச் சரிசெய்தவரும் சிக்னல்காரர்தான். பெட்டி முந்தியிருந்ததற்கு இருந்த ஒரே அத்தாட்சியும் அதோடு போயிற்று.

விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா மூணு பிரதியும் ஒண்ணையே சொல்லுதே. நீங்க அவருக்கு மச்சான் வேற."

பதிவுக்குக் கீழே ஒரு குறிப்புச் சேர்க்கவாவது கேட்டார். அதற்குப் பிரதி வைத்திருக்கும் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டுமாம். இன்ஷூரன்ஸ்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை அத்தானுக்குக் கடிதம் வருகிறது. அதில் என்ன இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மாடிக்கு வந்து துணிக்குவியலின் அருகில் நின்றாள்.

"நீ வச்ச மணிதானேடா. நீயே மாத்த முடியாதா?"

மூன்று பிரதிக் கதையை நாலாவது தடவையாகச் சொன்னார். பாதியிலேயே அவள் சீருடையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் சட்டை இனிமே வேணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். விரித்திருந்த தலையணை உறையை ஓரம் சேர்த்து மடித்தார், பிரித்து மறுபடி மடித்தார். அக்கா சட்டையைக் கசங்கலோடு தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.