தின்றும் மெலிந்த ரோசா

தானா ராத்தா என்ற மலையூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் பிலோமி. பிள்ளை இல்லை. பிறந்த அன்றே தாயை இழந்த ஒரு கன்றுக்குப் போத்தலில் பால் புகட்டி வளர்த்தாள். ரோசா என்று பெயர் வைத்தாள்.

அந்த ரோசா முதல் சினையிலேயே மெலியத் தொடங்கியது. வைத்ததையெல்லாம் தின்றது, ஆனாலும் மெலிந்தது. தின்கிற மாட்டுக்கு நோவு ஏது என்று நினைத்த பிலோமி, புருஷன் டொமினிக்கை ஏசினாள். லோரி ஓட்டிவிட்டு வரும் அலுப்பில் அவன் அரைக்கட்டுப் புல்லோடு திரும்புகிறான் என்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவன் மழையிலும் சரிவில் இறங்கிக் கூடுதலாக அறுத்து வந்தான். அவள் தவிட்டில் சீனியைக் கரைத்து ஊற்றினாள். அப்படியும் ரோசாவின் விலா எலும்புகள் துருத்திக்கொண்டு வந்தன.

ஒரு காலையில் மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்தது. தீனியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் பிறகுதான் மாட்டு டாக்டர் யுவனேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தது. மடியோரம் உண்ணிகள் அப்பியிருந்தன. டாக்டர் ஊசி போட்டு, ரத்தம் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தார்.

"உண்ணி கடிச்சு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி ரத்தத்துல ஏறியிருக்குக்கா. சிவப்பணுவுக்குள்ள குடியிருக்கு. அந்த அணுவோட தோலையே தனக்குத் தோதா மாத்திக்கிட்டு, ரத்தத்துல வர்ற சீனிச் சத்தை உள்ள இழுத்துக்கும். தின்னு பெருகி, அணுவை ஒடைச்சுக்கிட்டு அடுத்ததுல நுழையும்."

"அப்ப நான் ஊத்துன சீனி?" என்றாள் பிலோமி.

டாக்டர் தயங்கினார். "தீனியில குத்தம் இல்லக்கா. ரத்தம்தான் ரொம்பக் கொறஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம் லா."

ஊசி அந்தப் பூச்சியைக் கொன்றிருக்கலாம். போன ரத்தம் திரும்பவில்லை. மறுநாள் மதியம் பிலோமியின் மடியில் தலை வைத்தபடியே ரோசா அடங்கியது. வயிற்றுக் கன்றும் அதோடு போயிற்று.

டொமினிக் குழி வெட்டினான். மண்ணை மூடிய பிறகு அவள் அவனருகே போய் நின்றாள்.

"உங்க புல்லுல கொறை இல்லங்க. நான்தான் எல்லார்கிட்டயும் தப்பா சொல்லிட்டேன்."

"அது கெடக்கட்டும்." அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "அவ்வளவு தின்னும் பசியோடவே போயிருச்சே, பிலோமி."

சில மாதங்கள் கழித்து, பக்கத்து ஊரான கியா பார்மில் தெரிந்தவர் ஒருவர் கன்று ஒன்று தருவதாகச் சொல்லியனுப்பினார். டொமினிக் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, வேண்டாம் என்று பதில் சொல்லி அனுப்பினான்.