எடை பார்த்த நாள்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்புப் படித்தேன். பள்ளியின் பெண்கள் கபடி அணியில் எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள் நான். சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஆட எடை வரம்பு உண்டு. அந்த வருடம் நான் வளர்ந்து அதைச் சற்றே தாண்டியிருந்தேன்.

"போட்டி முடியுற வரைக்கும் கஞ்சித் தண்ணிதான். வீட்ல சொல்லாத," என்றார் விளையாட்டு வாத்தியார்.

அம்மா விடியுமுன்னே மில்லுக்குப் போய்விடுவாள். அவள் கட்டி வைத்த சோற்றைத் தோழிகளுக்குக் கொடுத்தேன். வகுப்பில் கரும்பலகை எழுத்து நெளியும். படிக்கட்டு ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில். முந்தின நாளிலிருந்து தண்ணீரும் கிடையாது. தராசில் ஏறினேன். முள் இன்னும் கொஞ்சம் தள்ளியே நின்றது. இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார் வாத்தியார். ஓடினேன். எங்கே விழுந்தேன் என்று தெரியாது.

கண் திறந்தபோது, தராசருகே நின்ற வேற்றூர் டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் ஓடி வந்தார்.

"குடிக்கக் குடுக்காதீய டீச்சர், எட ஏறிரும்!"

"இது புள்ளையா, சந்தைக்கு வந்த ஆடா சார்?" என்று சொல்லிவிட்டு டம்ளரை என் வாயில் வைத்தார். குடித்தால் ஆட முடியாது என்று தெரிந்தே குடித்தேன். இன்னும் வாங்கிக் குடித்தேன். அழுகைகூட வரவில்லை; படுத்தால் போதும் என்றிருந்தது.

எங்கள் அணி தோற்றது. திரும்பும் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை.

அந்த டீச்சர் என்னிடம் விலாசம் கேட்டு எழுதிய கடிதத்தால் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு பள்ளிக்கு வந்தாள். "சாப்பிடத்தான சார் நான் ஒழைக்கேன்? எம்புள்ளயப் பட்டினி போட நீங்க யாரு?" என்று தலைமையாசிரியர் முன்னால் கேட்டாள். "அவ நல்லதுக்குத்தான்," என்றார் வாத்தியார். இனி இப்படி நடக்காது என்றார் தலைமையாசிரியர்.

அடுத்த வருடம் என்னை அணியில் சேர்க்கவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி என் இடத்தில் ஆடினாள். அவள் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்து, அம்மா அவள் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா. "சர்டிபிகேட் இருந்தா வேல கெடைக்கும்னு வாத்தியாரு சொல்லுதாரு. கொஞ்ச நாளு பொறுத்துக்கிடட்டும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.