பலகையின் மேல் முனை

முகம்மது கனி பிறந்த ஆண்டு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பினாங்கில் வந்து இறங்கியது 1909 என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த பலரைப் போல அவரும் முதலில் தொங்கானில் கூலியாகச் சேர்ந்தார். தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றி, வெல்ட் கீ துறைக்குக் கொண்டுவரும் அகன்ற படகுக்குத்தான் தொங்கான் என்று பெயர். துடுப்பு வலித்தும் மூட்டை புரட்டியும் காலம் தள்ளியவர், 1925இல் ஒரு தொங்கானுக்குத் தண்டல் ஆனார். தண்டல் என்றால் படகுக்குத் தலைவர். படகு அவருடையதல்ல, சூலியா தெரு வியாபாரி ஷேக் அலாவுதீனுடையது. ஆனாலும் வீட்டில் பேசும்போது ‘என் தொங்கான்’ என்றுதான் சொல்வார். மனைவி ருக்கையா அதைத் திருத்தியதில்லை.

கனியைப் பற்றித் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது அவருடைய குரல். அவர் படகில் தண்ணீர் கேட்டால் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் இருப்பவன் குடத்தைத் தூக்குவான் என்று கேலி செய்வார்கள். கேலி செய்பவர்களில் முதல் ஆள் பாக்கியநாதன். அவர் கரையில் மூட்டை சுமக்கும் கூலிகளுக்கு மேஸ்திரி, துறைப் பேச்சில் மண்டோர். கத்தோலிக்க வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர், மற்ற நாட்களில் வாய்க்கு வாய் பதில் சொல்வதிலும் தவறாதவர். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். பகையும் இல்லை, நட்பு என்றும் சொல்ல முடியாது.

துறையில் ஒரு வழக்கம் இருந்தது. சரக்கு படகில் இருக்கும்வரை படகுக்காரர் பொறுப்பு. கரைக் கல்லைத் தொட்ட பிறகு மண்டோர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு பலகை. படகாட்கள் மூட்டையைத் தூக்கிக் கரைக் கூலியின் முதுகில் வைப்பார்கள். அவன் பலகைமேல் நடந்து கரை ஏறுவான். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டு, அரிசி மூட்டையின் கீழ் குனிந்து நடப்பவனுக்குத் தன் கால்விரலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பலகைமேல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

1927 அக்டோபரில் ரங்கூன் அரிசி இறக்கும்போது அது பேச வேண்டிய விஷயமாயிற்று. கடல் வற்றியிருந்த வேளை. தொங்கான் கரைக்குக் கீழே ஆழத்தில் கிடந்தது. பலகை செங்குத்தாக நின்றது. சுப்பையா என்ற கூலி பாதிப் பலகை ஏறியிருந்தபோது நீராவிப் படகொன்று பக்கத்தில் போயிற்று. தொங்கான் ஆடியது. அடுத்த நொடியில் சுப்பையா மூட்டையோடு படகுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் விழுந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் எலும்பு முறிந்துவிட்டது.

அன்று மாலையே கரைக் கூலிகள் கனியின் பலகையில் இனிக் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். படகாட்களோ பலகை தாண்டிச் சுமப்பது தங்கள் வேலையே அல்ல என்றார்கள். பாதி அரிசி தார்ப்பாயின் கீழ் தொங்கானிலேயே கிடந்தது. மழைக்காலம் வேறு.

மறுநாள் ஷேக் அலாவுதீன் இரண்டு பேரையும் தன் சரக்குக் கிட்டங்கிக்கு அழைத்து, குற்றம் யாருடையது என்று விசாரித்தார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. நான் ஏறச் சொன்னேன், அவன் ஏறியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் கனி. நான் நிற்கச் சொன்னேன், அவன் நின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் பாக்கியநாதன். கனியின் குரலுக்குத் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் முதலாளி எழுந்துகொண்டார்.

“கனி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி அரிசி கரைக்கு வந்தாகணும். வரலேன்னா தொங்கானை வேற தண்டல்கிட்ட கொடுக்கிறதத் தவிர எனக்கு வழியில்ல” என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் கனியை உலுக்கியது.

வீட்டுக்கு வந்த கனிக்கு ஒரே யோசனை. சுப்பையாவைப் பார்த்து, படகின்மேல் குற்றமில்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்று கணக்குப் போட்டார். ருக்கையா ஒரு தூக்கில் கஞ்சியும் மீன் ஆணமும் ஊற்றிக் கொடுத்தாள். “படுத்திருக்கிறவன்கிட்ட வழக்குப் பேசப் போறீங்க. முதல்ல கஞ்சியக் குடுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் சுப்பையா கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தான். கனி கஞ்சியைக் கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாகப் பேச்சை எடுத்தார். படகில் தப்பில்லைதானே என்று கேட்டார்.

சுப்பையா தூக்கைக் கீழே வைத்தான்.

“கனியண்ணே, எனக்குப் படகும் தெரியல, கரையும் தெரியல. மூட்டைக்கடியில இருக்கிறவனுக்குக் காதுதான் கண்ணு. கீழேருந்து நீங்க ஏறுங்கிறீங்க, மேலேருந்து மண்டோர் நில்லுங்கிறாரு. எந்தக் கொரலுக்குக் காலெடுத்து வைக்கிறது? தூக்கின கால வைக்கவா, எடுக்கவான்னு யோசிச்சேன் பாருங்க, அதுலதான் விழுந்தேன்.”

முதலாளிக்கு முன்னால் தாங்கள் இருவரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர் ஏறச் சொன்னதாகவும் மற்றவர் நிற்கச் சொன்னதாகவும் அடித்துப் பேசினார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இனிமே மூட்டை தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்றாருண்ணே” என்றான் சுப்பையா, காலைப் பார்த்துக்கொண்டே. கனி காலித் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

புதன்கிழமை காலையில் அவர் பாக்கியநாதனைத் தேடிப் போனார். துறைக்கு எதிரே கோப்பிக்கடையில் மண்டோர் உட்கார்ந்திருந்தார். கனி எதிரில் அமர்ந்து, சுப்பையா சொன்னதை அப்படியே சொன்னார். மண்டோர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப ஒரு கொரல்தான் இருக்கணும்” என்றார்.

“ஒரு கொரல்தான்.”

“யாரு கொரல்?”

அங்கேதான் மறுபடியும் சிக்கியது. ஆடுவது படகு, ஆகவே படகுக் குரல் என்றார் கனி. நடப்பது என் ஆள், ஆகவே என் குரல் என்றார் மண்டோர். “உன் கொரலுக்கு ஆளே வேணாம், மூட்டையே பயந்து தானா ஏறிடும்லா” என்று சேர்த்துக்கொண்டார். இடத்தில் நின்று பார்த்துவிடுவோம் என்று இருவரும் துறைக்குப் போனார்கள். கனி தொங்கானில் இறங்கி நின்றார். பாக்கியநாதன் கரையில், கப்பல் கயிறு கட்டும் கட்டையின் பக்கத்தில் நின்றார். கனி அண்ணாந்து பார்த்துப் பேசினார். மண்டோர் குனிந்து பேசினார். சுப்பையா விழுந்தது எப்படி என்று பலகையை ஆட்டிக் காட்டினார்கள். பழைய சண்டைகளையும் இழுத்துக்கொண்டார்கள். இடையில் ஒரு மழை வந்தது. கனி தார்ப்பாயின் கீழ் இருந்தபடியும் மண்டோர் கடை வாசலில் இருந்தபடியும் வாதத்தை விடவில்லை. மத்தியானம் மழை நின்றதும் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

பேச்சு நடுவில் பாக்கியநாதன் கழுத்தைத் தடவினார். “என்ன கனி, கழுத்து வலிக்குது” என்றார்.

அப்போதுதான் கனி கவனித்தார். தான் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறார். மண்டோர் அண்ணாந்து பார்க்கிறார். கடல் ஏறி, பாதிச் சரக்கு இறங்கியிருந்த தொங்கான் கரைக்கு மேலே வந்துவிட்டிருந்தது. பலகை இப்போது படகிலிருந்து கரைக்குச் சரிந்து கிடந்தது. அங்கே நின்றால் பலகை முழுதும் தெரிந்தது. துறைக்கு வெளியே வரும் நீராவிப் படகின் அலைகூடத் தெரிந்தது. அன்றைக்குக் கீழே நின்றபோது சுப்பையாவின் முதுகுக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கனி குரலை இறக்கிப் பேசினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அதுவே அதிசயம்.

“மண்டோர், அன்னைக்கு நீ மேல நின்னே. அலை உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. உன் வார்த்தைதான் நின்னிருக்கணும். நான் வாயப் பொத்தியிருக்கணும்.”

பாக்கியநாதன் அதை எதிர்பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அலை வருதுன்னு நான் உனக்கு ஒரு கொரல் கொடுத்திருக்கலாம். கூலிக்கு மட்டுந்தான் சொன்னேன்” என்றார். பிறகு கரையையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். “கடல் வத்தத்துல நான் மேல. கடல் ஏறுற வெள்ளத்துல நீ மேல. மேல நிக்கிறவன் சொல்லட்டும். கீழ நிக்கிறவன் பலகையப் புடிக்கட்டும், வாயத் தொறக்கக் கூடாது.”

ஆளுக்குப் பாதி நாள் அதிகாரம். அதைப் பங்கிட்டுக் கொடுப்பது கடல். அதோடு சண்டைக்குப் போக யாராலும் முடியாது. கரைக் கூலிகளிடம் மண்டோர் பேசினார், படகாட்களிடம் கனி பேசினார். வியாழக்கிழமை பலகையில் மறுபடியும் கால்கள் ஏறின. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கனி போனபோது தொங்கான் காலியாக இருந்தது. ஷேக் அலாவுதீன் பள்ளிவாசலில் அவருக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். தொங்கான் கனியிடமே இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையில் படகும் கரையும் சமமாக நிற்கும் நேரம் உண்டு. அப்போது இருவருமே வாயைத் திறக்கப் பார்த்தார்கள். சுப்பையா ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் அது தீர்ந்தது. சமநேரத்துக்கு அவனே சொல்லட்டும் என்றார் கனி. அவனுக்குக் கூலி மண்டோர் கணக்கில் பாதி, தண்டல் கணக்கில் பாதி என்று ஒப்புக்கொண்டார்கள். கயிறு கட்டும் கட்டைமேல் உட்கார்ந்து, பலகைமேல் வருபவனுக்கு “வா”, “நில்” என்று சொல்வது அவன் வேலையாயிற்று. விழுந்தவன் சொன்னதை நடந்தவர்கள் தட்டவில்லை. நாளடைவில் மற்றத் தொங்கான்காரர்களும் அவனைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

கனி 1938 வரை அதே தொங்கானில் தண்டலாக இருந்தார். மற்றவர் முறை வரும்போது வாயை மூடியிருப்பது அவருக்குக் கடைசிவரை கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: கடல் வற்றத் தொடங்கியதும் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வார். கரையில் புதிதாக வந்த கூலி ஒருவன் இப்போது வெள்ளமா வத்தமா என்று கேட்டால், பழையவர்கள் கடலைப் பார்க்க மாட்டார்கள். கனியின் கன்னத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.