பொலிசுக்குத் துவக்கு வேண்டுமா?

ஒஸ்லோவில் நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மதியச் சாப்பாடு பதினொன்றரை மணிக்கு. அந்த நேரத்துக்கு மதியம் வந்துவிடுவது இந்த நாட்டில்தான். மெழுகுத்தாளில் சுற்றிய இரண்டு துண்டுப் பாணைக் கடித்தபடியே எல்லோரும் நாட்டின் சட்டத்தையும் சேர்த்து மென்றுவிடுவார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் அவர்கள் மென்றது பொலிசின் துவக்கை. இங்கே பொலிஸ்காரர் இடுப்பில் துவக்கு இல்லாமல்தான் தெருவில் நடப்பார். அது காருக்குள் பூட்டிக் கிடக்கும். இனி எப்போதும் இடுப்பிலேயே இருக்கட்டுமா வேண்டாமா என்று தொலைக்காட்சியில் கட்சிக்காரர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். மோதல் என்று நான்தான் சொல்கிறேன். பனி வழுக்கும் காலத்தில் காருக்கு ஆணி வைத்த ரயர் நல்லதா, ஆணியில்லாதது நல்லதா என்று பேசும் அதே குரல்தான் அது.

எங்கள் தலைமைச் சமையற்காரர் குனூத் நல்ல மனிதர். வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் நான்கு வேட்டைத் துவக்குகள் வைத்திருக்கிறார். வருடம் தவறாமல் லீவு போட்டுக் காட்டுக்குப் போய், மாட்டைவிடப் பெரிய எல்க் மானைச் சுட்டு வருவார். பொலிஸ் துவக்கோடு திரிந்தால் சமுதாயத்தில் நம்பிக்கை கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அலுமாரியில் உள்ள நான்கும் அந்த நம்பிக்கையை ஒன்றும் செய்யாதாம். படித்துப் பரீட்சை எழுதி, பொலிசிடமே அனுமதி வாங்கியவை அல்லவா.

"நீ யுத்தம் நடந்த நாட்டிலிருந்து வந்தவன். துவக்கைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும்," என்றார் என்னிடம்.

"எனக்கு அதன் சத்தம் மட்டும்தான் தெரியும்," என்றேன்.

"சத்தத்தைக் கேட்டே என்ன ரகம் என்று சொல்வாயா?" என்று வியந்தார் குனூத். மேசையில் இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், சொல்வேன். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் யாரும் சொல்வார்கள். ஒரே சின்ன ஒழுங்கைத் தெருவால் காலையில் ஒரு கூட்டம் துவக்கோடு போகும், மாலையில் இன்னொரு கூட்டம் போகும். யார் துவக்கு வைத்திருக்கலாம் என்று ஒருவரும் எங்களைக் கருத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உங்கள் விருப்பம் ஐயா என்றுதான் சொல்லியிருப்போம். ஆகவே குனூத் என் கருத்தைக் கேட்டபோதும் அதையே செய்தேன். பொலிசுக்குத் துவக்கு வேண்டவே வேண்டாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்த பதில் அது. ஒருத்தி எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சங்கம் கூடியது. சட்டம் மாறுவதற்கு முன் எந்தச் சங்கமும் அரசாங்கத்துக்குக் கருத்து எழுதி அனுப்பலாம். நம்மவர்கள் விடுவார்களா? தலைவர் குலம் அண்ணை, துவக்குப் பிடித்தவர்களுக்குப் பயந்து நான்கு நாடுகளைக் கள்ளமாகக் கடந்து வந்தவர், எழுந்து நின்றார்.

"கட்டாயம் குடுக்கத்தான் வேணும். நாடு கெட்டுப்போச்சு. ஸ்டோவ்னர்ப் பக்கம் பொடியள் கத்தியோடை திரியிறாங்கள்."

"ஓமோம்," என்றது மண்டபம். எங்களில் பாதிப்பேர் குடியிருக்கும் ஒஸ்லோப் புறநகர் அது. அந்தப் பொடியள் வேறு நாட்டுக்காரரின் பிள்ளைகள் என்று எல்லோரும் பேசாமலே தீர்மானித்துக்கொண்டார்கள். துவக்கு வேண்டும் என்று முடிவெடுக்கப் பத்து நிமிடம். கடிதத்தில் தலைவர் ஒப்பமிடுவதா, செயலாளர் ஒப்பமிடுவதா என்பதற்கு இரண்டு மணித்தியாலம். கையைத் தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். ஒரு கையில் மீன் ரோல்ஸ் இருந்ததால் மற்றக் கையை. பொதுமக்கள் கருத்து என்று செய்தியில் பெரிதாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு பங்கு நான்தான்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியில் உண்மையான அக்கறை உள்ளவள் ஒருத்தி இருந்தாள். என் மகள் துளசி. அவள் பொலிஸ். அன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைக் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு எங்களை இடுப்பிலை துவக்குக் கட்டச் சொல்லி ஓடர் வருதாம் அப்பா. நான் அதோடை நிண்டா உங்களுக்குப் பயமா இருக்குமோ?"

"எனக்கென்ன பயம் பிள்ளை. நான் பாக்காத துவக்கே?"

"அதுதான் கேக்கிறன். இந்த ஏரியாவிலை இருக்கிற ஆக்கள் கனபேர் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவைதானே. உங்களுக்கே பயமெண்டா, அவைக்கு நான் ஆர்?"

"சும்மா இரு. நாங்கள் குண்டுக்குள்ளை வளந்த ஆக்கள்," என்றேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வாசலில் இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் என்னைப் பார்த்து நின்றார், மற்றவர் முதுகைக் காட்டிக்கொண்டு. இருவர் இடுப்பிலும் துவக்கு. நான் யோசித்து எதையும் செய்யவில்லை. கால் தானாக நிலத்தில் ஊன்றியது. சைக்கிளை விட்டு இறங்கினேன். தொப்பியைக் கழற்றினேன். பணப்பையிலிருந்து படம் போட்ட அடையாள அட்டையை எடுத்து, அவர் முன்னால் போய் நீட்டினேன்.

"உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா?" என்றார் அந்த இளம் பொலிஸ்காரர் நொர்வேஜிய மொழியில்.

"வேலையால் வருகிறேன். வீட்டுக்குப் போகிறேன். வீடு இங்கே பக்கத்தில்தான்," என்றேன். அவர் அதையெல்லாம் கேட்கவேயில்லை. யாழ்ப்பாணத்து இராணுவக் காவலரணில், காலையும் மாலையும், சைக்கிளை உருட்டிக்கொண்டு தொப்பியைக் கையில் பிடித்தபடி நான் சொல்லிய பதில்கள்.

மற்றவர் திரும்பினார். துளசி. என் மொட்டைத் தலையைப் பார்த்தாள். நீட்டிய அட்டையைப் பார்த்தாள். அவள் முகம் சின்ன வயதில் அழப்போகும்போது இருப்பதுபோல் ஒரு கணம் ஆகி, பிறகு சரியாகிவிட்டது.

"இவரை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கூட நின்றவர்.

"என் அப்பா," என்றாள் அவர் மொழியில். பிறகு என்னிடம், "தொப்பியைப் போடுங்கோ அப்பா. குளிருது. சைக்கிளிலை ஏறிப் போங்கோ."

"ஓம் பிள்ளை," என்றேன். ஏற முடியவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டு மேசையில் வேண்டாம் என்றவன், மண்டபத்தில் வேண்டும் என்றவன், மகளிடம் பயமில்லை என்றவன், மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். பஸ் தரிப்பிடம் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். நொர்வேயின் பொலிஸ் ஒருத்தி, துவக்கு இருக்கும் பக்கம் எனக்குத் தெரியாதபடி, இடுப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.